கீமோவுக்குப் பிறகு ‘கவுண்ட்’ குறைவது ஏன்? வெள்ளை அணுக்கள் பற்றி குரங்குகள் சொல்லித் தந்த பாடம்!

“கீமோ போட்டு பத்து நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள கவுண்ட் இறங்கிடுச்சு...” புற்றுநோய்க்கு சிகிச்சை எடுப்பவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கொல்லிமலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். ராத்திரி நேரத்தில் காய்ச்சல் வந்தால், காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போக வேண்டும்.

இந்த ‘கவுண்ட்’ என்பது என்ன? அந்த மலைப்பாதையில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளை அணுக்கள் எங்கே உருவாகின்றன?

மனிதன், குரங்கு இரண்டுமே பிரைமேட் இனம். இரண்டுக்கும் கருவில் இருக்கும்போது கல்லீரல்தான் ரத்த அணுக்களைத் தயாரிக்கும் முக்கிய இடம். பிறகு அந்த வேலை எலும்பு மஜ்ஜைக்கு மாறிவிடும். அங்குள்ள ஸ்டெம் செல்களில் இருந்துதான் எல்லா ரத்த அணுக்களும் பிறக்கின்றன.

கிருமியை முதலில் எதிர்கொள்வது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. தொடக்கத்தில் இதன் உட்கரு உருண்டையாக இருக்கும். முதிர முதிர வளைந்து, கொண்டை ஊசி வளைவு போல ஆகும். கடைசியில் சில துண்டுகளாகப் பிரிந்து, மெல்லிய இழையால் இணைந்திருக்கும். இதற்கு சுமார் 10 முதல் 14 நாட்கள் ஆகும். இன்னொரு வகையான டி-செல்கள், நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிர்கின்றன.

கீமோ மருந்து, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்லோடு மஜ்ஜையில் வளரும் இளம் அணுக்களும் அழிகின்றன. புது அணுக்கள் முதிர்ந்து வர நாளாகும் என்பதால், பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் கவுண்ட் அடிமட்டத்துக்குப் போகிறது.

எலியை வைத்து ஆராய்ந்தால் போதாதா?

எலியின் ரத்தத்தில் லிம்ஃபோசைட் வகைதான் அதிகம்; மனிதனுக்கு நியூட்ரோஃபில் அதிகம். வளர்ந்த எலிக்கு மண்ணீரலும் ரத்த அணுக்களைத் தயாரிக்கும். நமக்கு மஜ்ஜை மட்டும்தான். அதனால் சில கேள்விகளுக்கு மனிதனுக்கு நெருக்கமான உயிரினம் தேவைப்பட்டது.

1987-ல் நீண்ட வால் மக்காக் குரங்குகளிடம் ஒரு சோதனை நடந்தது. கொல்லிமலையில் நாம் பார்க்கும் நாட்டுக் குரங்கும் இதே மக்காக் பேரினம்தான். கீமோ மருந்து கொடுக்கப்பட்ட அந்தக் குரங்குகளுக்கு, நியூட்ரோஃபிலை வளரத் தூண்டும் ‘ஜி-சிஎஸ்எஃப்’ என்ற புரதம் செலுத்தப்பட்டது. கவுண்ட் குறைந்திருந்த நாட்கள் சுருங்கின. 1991-ல் இந்த மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கீமோவுக்குப் பிறகு “கவுண்ட் ஏத்துற ஊசி” என்று போடப்படுவது இதுதான்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்த வெள்ளை அணுக்கள் பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டரில் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. மொத்தம் 2,000, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால், உண்மையில் கிருமியோடு மோத இருப்பது 400 மட்டுமே. 500-க்குக் கீழே போனால் தொற்று அபாயம் மிக அதிகம்.

காய்ச்சல் வந்தால்..?

கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றாலே அது அவசரம். “ஒரு மாத்திரை போட்டுட்டு காலையில பாத்துக்கலாம்” என்று விடக் கூடாது. கவுண்ட் குறைந்திருக்கும்போது சீழ், வீக்கம் எதுவும் தெரியாமலே தொற்று ரத்தத்தில் பரவலாம். சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள். கீமோ சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மலையில் இருப்பவர்கள், கீமோ முடிந்த அந்த இரண்டு வாரத்துக்கு ராத்திரியிலும் வரக்கூடிய வண்டிக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. முடிந்தால் அந்த நாட்களில் மட்டும் அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம்.