எம்.ஜி.பி.க்கு எந்த முன் ஸ்பிரிங் வாங்குவது?

வீட்டுக் கொட்டகையில் பழைய எம்.ஜி.பி. கார் ஒன்று நிற்கிறது. முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. மலாக்காவில் பாச்சாங்கிலிருந்து பத்து பெரெண்டாம் பக்கம் ஓட்டிப் போனால், சாலை மேடுகளில் ஏறி இறங்கும்போது அடியில் எங்கோ 'டக்' என்று இடிக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் "முன் ஸ்பிரிங் போச்சு, மாத்திடு" என்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் உதிரிப்பாகப் பட்டியலைத் திறந்தால் திறந்த கார் ஸ்பிரிங், ஜி.டி. ஸ்பிரிங், தாழ்த்தியது, கடினமானது என்று வரிசையாக வருகிறது. எதற்கு வெள்ளியைச் செலவழிப்பது?

கொஞ்சம் பொறுங்கள். இடிப்பதற்குக் காரணம் ஸ்பிரிங்தானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

இந்தக் காரின் முன் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) இன்றைய கார்களில் இருப்பதுபோல் குழாய் வடிவில் இருக்காது. எண்ணெய் நிரம்பிய உலோகப் பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாக இருக்கும். பெட்டியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? முன்பக்கத்தை அழுத்திவிட்டால் கார் இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? அப்படியானால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரப்பர் புஷ்களையும் (இரும்பும் இரும்பும் உரசாமலிருக்க நடுவே வைக்கும் ரப்பர் வளையங்கள்), இடிதாங்கி ரப்பரையும் பாருங்கள். நாற்பது ஐம்பது வருடத்து ரப்பர் கையோடு உதிர்ந்து வரும்.

கார் உண்மையிலேயே தாழ்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள். காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி விடுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். யாராவது எப்போதாவது வேறு அளவு டயர் மாட்டியிருந்தால் அந்தக் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும்.

"பழசாகி ஸ்பிரிங் மெதுவாகிவிட்டது, அதனால் கடினமானதாகப் போடு" என்ற பேச்சைப் பல பட்டறைகளில் கேட்கலாம். இது தவறு. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிப்பு, சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் இயல்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வருடக்கணக்கில் பாரம் தாங்கிய எஃகு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி உயரம் குறைகிறதே தவிர, அதன் கடினம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆகவே நீங்கள் இழந்தது உயரத்தை. கடினத்தைக் கூட்டி வாங்குவது வேறு நோய்க்கான மருந்து.

அப்படியானால் நீளமான ஸ்பிரிங் வாங்கினால் கார் உயருமா? பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, பாரமில்லாமல் மேசைமேல் நிற்கும்போது அதன் நீளம். இன்னொன்று ரேட் (ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்ற கணக்கு). 1962இல் வந்த திறந்த எம்.ஜி.பி.யின் முன் ஸ்பிரிங் ஏறத்தாழ 251 மில்லிமீட்டர் நீளம், ரேட் 6.2 கிலோ. 1965இல் வந்த கூரையுள்ள ஜி.டி.யின் ஸ்பிரிங் 231 மில்லிமீட்டர்தான், ஆனால் ரேட் 8.6 கிலோ. இரண்டின்மீதும் 450 கிலோ வையுங்கள். முதலாவது 73 மில்லிமீட்டர் அமுங்கி 178இல் நிற்கும். இரண்டாவது 52 மில்லிமீட்டர் அமுங்கி 179இல் நிற்கும். மேசைமேல் 20 மில்லிமீட்டர் குட்டையாகத் தெரிந்த ஸ்பிரிங், காருக்கு அடியில் போனதும் அதே உயரத்தில் நிற்கிறது!

ஒரு சக்கரத்துக்கு 450 கிலோவா, முழுக் காரே ஒரு டன் தேறாதே என்று சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். சக்கரம் சுமப்பது அந்த 450 கிலோவில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நுனியில் அல்ல, நடுப்பகுதியில். நெம்புகோல்போல அங்கே பாரம் இரட்டிப்பாகிறது.

இதே நெம்புகோல்தான் உயரத்திலும் விளையாடுகிறது. பாரத்தின் கீழ் ஸ்பிரிங் 10 மில்லிமீட்டர் குட்டையானால் கார் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் இறங்கும். "ஒரு இன்ச்தானே" என்று நினைத்து வாங்கியவரின் கார் இரண்டு இன்ச் இறங்கி நிற்பது இதனால்தான்.

சரி, உங்களுக்கு எது? திறந்த காரை வார இறுதியில் ஆயர் குரோ, ஜாசின் என்று ஓட்டுபவராக இருந்தால், திறந்த காருக்கான சாதாரண ஸ்பிரிங்கையே வாங்குங்கள் என்பேன். ஜி.டி. ஸ்பிரிங் போட்டால் உயரம் மாறாது, ஆனால் கடினம் ஏறத்தாழ 39 சதவீதம் கூடும். வளைவில் கார் குறைவாகச் சாயும், உண்மைதான். ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒவ்வொரு குழியும் உங்கள் முதுகுத்தண்டுக்கு வரும். களைத்துப்போன பழைய அப்சார்பரால் அந்த வேகமான துள்ளலை அடக்கவும் முடியாது. தாழ்த்திய ஸ்பிரிங் வழவழப்பான பந்தயத் தளத்துக்குச் சரி. நம் வேகத்தடை மேடுகளுக்கு அது ஆகாது.

இருக்கும் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிட்டால் என்ன? வேண்டவே வேண்டாம். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் உயரம் குறைவதோடு கடினமும் 14 சதவீதம் ஏறும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. நெருப்பு வைத்து வெட்டினால் எஃகின் பதமே கெட்டுப்போகும்.

ஆர்டர் செய்யும்போது காரின் வருடத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். 1974 பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்க விதிகளுக்காகக் காரை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். பெயர் ஒன்றே என்று நம்பி வாங்காதீர்கள்.

ஒரு பக்கம்தான் உடைந்தது என்றாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். பெட்டி வந்ததும் இரண்டையும் அருகருகே நிறுத்தி நீளத்தையும் சுற்றுகளையும் ஒப்பிட்டு, கம்பித் தடிப்பை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். தடிப்பு 10 சதவீதம் கூடினாலே கடினம் 46 சதவீதம் ஏறிவிடும். கடையில் சொன்ன எண் பொய்யா மெய்யா என்று வெர்னியர் சொல்லிவிடும்.

மாட்டும் வேலையைப் பழகிய கைக்கே கொடுங்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிய பிறகும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். விடுபட்டால் எலும்பை முறிக்கும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தன் காலில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும். அதன்பிறகு சக்கர நேர்ப்பாட்டைச் சரிபார்க்கக் கொடுங்கள். பழைய ஜோடியில் துருக்குழி இல்லையென்றால் பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். ஒருநாள் வேறொரு பெட்டி வந்து சந்தேகம் எழும்போது, பக்கத்தில் நிறுத்திப் பார்க்க அது உதவும்.