விளக்கு புதிது, நகம் மட்டும் பிசுபிசுப்பு!

தீபாவளிக்கு இரண்டே நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பார்த்துப் பார்த்து வரவழைத்த நகவிளக்கு நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. மகள் ஆசை ஆசையாக ஜெல் சாயத்தைப் பூசி, விளக்கின் அடியில் கையை நீட்டி, 60 விநாடி எண்ணி எடுக்கிறாள். தொட்டால் ஒட்டுகிறது. இன்னொரு 60 விநாடி வைக்கிறாள். அப்போதும் ஒட்டுகிறது. "ஏமாற்றிவிட்டார்கள் அம்மா, கெட்டுப்போன விளக்கை அனுப்பிவிட்டார்கள்" என்று கண்ணைக் கசக்குகிறாள்.

சகோதரிகளே, விளக்கை வீசியெறிவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். குற்றம் விளக்கில் இருக்கலாம், சாயத்தில் இருக்கலாம், பூசிய கையிலும் இருக்கலாம். குற்றமே இல்லாமலும் இருக்கலாம்! ஆனால் ஒன்று. உள்ளே இறுகாத ஜெல்லோடு அப்படியே விட்டுவிடுவது மட்டும் கூடாது. ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

கியூட்டெக்ஸ் பூசி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்த நம் காலத்துப் பெண்களுக்கு இந்த ஜெல் ஒரு புதுப் பழக்கம். கியூட்டெக்ஸில் உள்ள திரவம் ஆவியாகப் போய்விடும், சாயம் நகத்தில் தங்கிவிடும். அது காய்வது. ஜெல் காய்வதில்லை, இறுகுகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் உடனே ஷீட் ஆகிவிடுமா? ஃபார்மிக் திராவகத்தை அளவாகக் கலக்க வேண்டும். திராவகம் போதாமல் போனால் பால் கூழாக நிற்கும்; அதை மெஷினில் விட்டு ஷீட் எடுக்க முடியாது. ஜெல்லுக்கு அந்தத் திராவகத்தின் வேலையை ஒளி செய்கிறது. வெறும் வெளிச்சம் அன்று, புற ஊதாக் கதிரும் அதை ஒட்டிய ஊதா வெளிச்சமும். அந்த ஒளி பட்டதும் சாயத்திலுள்ள ஒரு பொருள் தூண்டப்பட்டு, துளித்துளியாக இருந்ததெல்லாம் சங்கிலியாகப் பின்னிக் கெட்டியாகிறது. பல் மருத்துவர் வெள்ளைச் சிமெண்டால் பல்லை அடைத்துவிட்டு நீல ஒளி காட்டுகிறாரே, அதுவும் இந்தக் குடும்பத்து வித்தைதான்.

இப்போது பிசுபிசுப்புக்கு வருவோம். மேலே ஒட்டுகிறதா, உள்ளே கூழாக இருக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். மேலே மட்டும் மெல்லிய பசைபோல் ஒட்டினால் கவலை வேண்டாம். காற்றில் உள்ள பிராணவாயு ஜெல்லின் மேற்பரப்பை முழுதாக இறுக விடாது. எந்த நல்ல விளக்கில் வைத்தாலும் அந்தப் பசை இருக்கும். அடுத்த பூச்சு ஒட்டிக்கொள்ள அது உதவியும் செய்கிறது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு, பஞ்சு பிரியாத துணித்துண்டில் மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வெளியே வரும். துடைக்கத் தேவையில்லாத டாப் கோட்டும் விற்கிறது. அதைப் பூசியும் ஒட்டுகிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

துடைத்த பிறகு விரல் நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுகிறதா? சாயம் திட்டாக நகர்கிறதா? துணியில் நிறம் அப்பிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் உள்ளே இறுகவில்லை. சில சமயம் தொடவே வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை சுருங்கி நிற்குமே, அதுபோலப் பூச்சு சுருக்கம் விழுந்து நிற்கும். மேலே ஒளி பட்டு இறுகிவிட்டது, அடியில் ஒளி போய்ச் சேரவில்லை என்று பொருள்.

இதற்கு முதற்காரணம் தடிமன். கியூட்டெக்ஸ் பழக்கத்தில் தூரிகையை நிறைய முக்கி ஒரே பூச்சில் முடித்துவிடப் பார்க்கிறோம். ஜெல்லில் அது நடக்காது. முதல் பூச்சில் நகம் தெரிந்தாலும் பரவாயில்லை என்று மெல்லியதாகத் தடவி, விளக்கில் வைத்து, மறுபடி மெல்லியதாகத் தடவ வேண்டும். கறுப்பு, கருஞ்சிவப்பு, கெட்டி வெள்ளை, மஞ்சள் ஆகிய நிறங்களில் ஒளியைத் தடுக்கும் சாயப்பொடி அதிகம். அவற்றுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று மெல்லிய பூச்சு நல்லது. தடித்துப் பூசினால் இன்னொரு தொல்லையும் உண்டு. இறுகும்போது ஜெல்லில் சூடு பிறக்கும். தடித்த பூச்சில் அது நகத்தைச் சுரீரென்று சுடும். சுட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கையை வெளியே எடுத்துச் சில விநாடி கழித்து மறுபடி வையுங்கள்.

அடுத்தது விளக்கு. பெட்டியின் மேல் 54 வாட், 80 வாட், 120 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பிவிடாதீர்கள். மின்சாரத்தைக் கொடுக்கும் அடாப்டரைக் கையில் எடுத்து, பொடி எழுத்தில் உள்ள 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வந்துவிடும். கைபேசி சார்ஜரில் மாட்டும் சிறிய விளக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 5 பெருக்கல் 2, ஆக மொத்தம் 10 வாட். பெட்டி 54 என்று சத்தியம் செய்தாலும் 10 வாட் போகிற வழியில் 54 வாட் வராது! அந்தச் சிறிய விளக்கையும் பழைய வானொலியின் பின்னாலோ, பலவீனமான சார்ஜரிலோ செருகினால் வெளிச்சம் இன்னும் மங்கும். கண்ணுக்கு ஊதா வெளிச்சம் தெரியும், ஆனால் வேலை நடக்காது. விளக்கோடு வந்த அடாப்டரை விட்டுவிட்டு, முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றை மாட்டுவதும் ஆபத்து. அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாட் மட்டும் போதாது, ஒளியின் அலைநீளமும் சாயத்துக்குப் பொருந்த வேண்டும். இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் என்ற இரண்டு அளவிலும் ஒளி கொடுப்பவை. ஒன்று மட்டும் கொடுக்கும் விளக்கில் சில சாயங்கள் சரியாக இறுகுவதில்லை. யாரோ கொடுத்த பழைய குழாய் விளக்குப் பெட்டியா? 9 வாட் குழாய் நான்கு இருக்கும், ஒரு பூச்சுக்கு 2 நிமிடம் வேண்டும். அந்தக் குழாய்கள் நாளாக நாளாகக் கதிரை இழக்கும், ஆனால் எரிவது போலவே தெரியும். புதிய குழாய் மாற்றாமல் அதை நம்ப வேண்டாம். சாயமும் விளக்கும் ஒரே நிறுவனத்தின் சோடியாக இருப்பதே உத்தமம். பணம் கொஞ்சம் கூடும் என்பது எனக்கும் தெரியும்.

விளக்கும் நல்லது, பூச்சும் மெல்லியது, ஆனால் கட்டைவிரல் மட்டும் கூழ் என்று சிலர் சொல்கிறார்கள். கையை நீட்டி மேசைமேல் வைத்துப் பாருங்கள். நான்கு விரல் நகமும் கூரையைப் பார்க்கும், கட்டைவிரல் நகமோ சுவரைப் பார்க்கும். ஒளி மேலிருந்து வருகிறது, பக்கவாட்டில் திரும்பிய நகத்துக்கு அது எப்படிக் கிடைக்கும்? நான்கு விரலை முதலில் முடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து நேராகத் தனியே வையுங்கள். கையை உள்ளே பாதி தூரம் நுழைத்து நிறுத்துபவர்களும் உண்டு. விரல் நுனி விளக்கு மணிகளுக்கு நேர் கீழே வரவேண்டும். 99 விநாடி என்று ஒரு பொத்தான் இருக்கும். அது சுடாமலிருக்க மெதுவாகத் தொடங்கும் ஏற்பாடு. அதை அமுக்கிவிட்டு 30 விநாடியில் கையை எடுத்தால் கிடைத்த ஒளி கால்வாசிகூட இராது.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். விளக்கு தேவையில்லாத சாதாரணச் சாயத்தையே 'ஜெல் போன்ற பளபளப்பு' என்று எழுதி விற்கிறார்கள். அதை விளக்கில் இரவு முழுதும் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. காற்றில்தான் காயும். புட்டியில் விளக்கின் பெயரும் விநாடிக் கணக்கும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

"விளக்கு எதற்கு, வெயிலில் காட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டு, மேற்பூச்சு இறுகவும் செய்யும். மேகம் வந்தால் ஒரு விதம், உச்சிவெயிலில் ஒரு விதம்; அடியில் இறுகியதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முடி காயவைக்கும் கருவியின் சூட்டால் எந்தப் பயனும் இல்லை.

சரி, அரைகுறையாக இறுகினால் என்ன குடி முழுகிவிடும்? முழுகத்தான் செய்கிறது. இறுகாத ஜெல்லில் உள்ள அக்ரிலேட் என்னும் இரசாயனம் தோலில் படப்பட, உடம்பு ஒருநாள் அதை எதிரியாக எண்ணத் தொடங்கிவிடும். நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம். கையால் தொட்ட இடமாகையால் கண் இமையிலும் கழுத்திலும் தடிப்பு. சிலருக்கு நகமே கழன்று தூக்கும். ஒரே நாளில் வருவதில்லை, பல மாதம் சுகமாகப் பூசிய பிறகும் வரும். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கும் பசையிலும், மூட்டு மாற்றும்போது எலும்பில் வைக்கும் சிமெண்டிலும், நீரிழிவுக்காரர் கையில் ஒட்டும் சர்க்கரை அளவுக் கருவியின் பசையிலும் இதே குடும்பத்து இரசாயனம் இருக்கிறது. நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை, ஐம்பது வயதில் மருத்துவமனையில் குறுக்கே நிற்கலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் இதைப்பற்றி எச்சரித்தது. இந்தக் குடும்பத்தில் 'ஹீமா' என்று ஒன்று உண்டு. அது சேர்ந்த நகப்பொருளைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் விதித்திருக்கிறது. டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே செய்துவிட்டார்கள். அதனால் சில நிறுவனங்கள் சாயத்தின் கலவையை மாற்றியிருக்கின்றன. பழகிய சாயமே புதுப்புட்டியில் வேறு மாதிரி நடந்துகொண்டால், அதில் குறித்த நேரத்தை மறுபடி படியுங்கள்.

கல்யாணம், சடங்கு என்றால் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நகம் பூசி நாலு வெள்ளி சம்பாதிக்கும் தங்கைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் கைதான் தினமும் அதில் படுகிறது. மெல்லிய ரப்பர் கையுறை காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். இந்தத் திரவம் சில நிமிடத்திலேயே அதை ஊடுருவிவிடும். சாயம் தோலில் வழிந்தால் விளக்கில் வைக்கும் முன்பே துடைத்துவிடுங்கள். நகத்தின் ஓரத்தில் ஒரு மயிரிழை இடம் விட்டே பூசுங்கள். சாயம் வாங்கும்போது என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் மலேசியப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறுகாமல் போனதை என்ன செய்வது? அதன்மேல் இன்னொரு பூச்சைப் போட்டு மூடாதீர்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் தோலில் பரவாமல் துடைத்தெடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மறுபடி தொடங்குங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்படியில் வேண்டாம், தீபாவளியன்று குத்துவிளக்குப் பக்கத்திலும் வேண்டாம். கதிரைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களை இந்த விளக்கின் கதிர் சேதப்படுத்தியது தெரிந்தது. மனிதர் கையில் அவ்வளவு நடக்குமா என்பது வேறு கேள்வி. விரல் நுனியை வெட்டிவிட்ட பழைய துணிக் கையுறையை மாட்டிக்கொள்ள ஒரு காசும் செலவில்லை.

ஏற்கெனவே விரலோரம் அரிக்கிறது என்றால் பூசுவதை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். புட்டியையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புது விளக்கை நகத்தில் சோதிக்க வேண்டாம் என்பதே என் யோசனை. கறுப்புத் தாளின்மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வைத்து, நகத்துக்குப் பூசுவது போலவே சாயத்தை மெல்லியதாகத் தடவுங்கள். சொன்ன நேரம் விளக்கில் வையுங்கள். பிறகு ஒரு குச்சியால் அந்தப் பூச்சைக் கிளப்பி, அடிப்பக்கத்தைக் கிளறிப் பாருங்கள். அடியும் மேலும் ஒரே கெட்டியாக இருந்தால் மகளின் கையை நீட்டச் சொல்லலாம். அடியில் ஈரம் இருந்தால் நேரத்தைக் கூட்டி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் ஈரம் என்றால் இந்தத் தீபாவளிக்கு மருதாணியை அரையுங்கள். விளக்கைத் திருப்பி அனுப்பும் வேலையைப் பண்டிகை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.