கோப்பின் தலையில் அந்த ஒற்றை வரி ஏன்?

லினக்ஸ் கெர்னலின் மூலக்கோப்பு எதையாவது திறந்தால், பெரும்பாலும் முதல் வரியிலேயே எஸ்பிடிஎக்ஸ் என்று தொடங்கும் உரிமக் குறியீடு இருக்கும். மொத்தத் திட்டத்துக்கும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு என்று தனிக்கோப்பே இருக்கிறதே, பிறகு ஏன் ஒவ்வொன்றிலும்?

கோப்புகள் ஊர் சுற்றுபவை. ஒரு டிரைவரை மட்டும் நகலெடுத்து வேறு திட்டத்தில் சேர்த்தால் உரிமக் கோப்பு கூட வராது. முன்பு சிலர் உரிமத்தைப் பத்தி பத்தியாகத் தத்தம் சொற்களில் எழுதினார்கள். பலர் எழுதவே இல்லை. வெறுமனே 'ஜிபிஎல்' என்று போட்டவர்கள்தான் பெரிய தலைவலி. இரண்டாம் பதிப்பு மட்டுமா, பிந்தையதும் செல்லுமா? 2007இல் மூன்றாம் பதிப்பு வந்தபின் இது சொற்சண்டை இல்லை. வீட்டுக் கருவிகளுக்குள் இருக்கும் மென்பொருளை வாங்கியவர் மாற்றி ஓட்டவும் வழி விடச் சொல்கிறது அது. கெர்னலோ இரண்டாம் பதிப்போடு நின்றுவிட்டது.

2017இல் வந்த 4.14 பதிப்புக்காகக் கருவிகளால் அலசி, ஆட்களும் சரிபார்த்து, உரிமம் குறிக்காத 11,000க்கும் மேற்பட்ட கோப்புகளில் இந்த வரியைச் சேர்த்தார்கள். செயலிகள் பயன்படுத்தும் தலைப்புக் கோப்புகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விலக்குக் குறிப்பு: அவற்றைச் சேர்த்துக்கொள்ளும் செயலியை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது.