நகரசபையை நாடிய துறவுள்ளம்

அரசியல் என்றாலே சாக்கடை என்று ஒதுங்கி நிற்பதைப் பக்தியின் அடையாளமாகவே கருதும் கத்தோலிக்கர் உளர். திருப்பலி, செபமாலை, குடும்ப அலுவல் ஆகியவற்றோடு பொதுநிலையினரின் கடமை நிறைவெய்திவிட்டது என்பது அவர்தம் எண்ணம். அத்தகையோர், 1951-ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரசபைத் தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளரின் வரலாற்றை அறிதல் நன்று. அவர் மணம் புரியாதவர். புனித மாற்கு மடத்தில் சாமிநாதர் சபைத் துறவியரோடு ஓர் அறையில் வாழ்ந்தவர். பல்கலைக்கழகத்தில் உரோமைச் சட்டம் கற்பித்துப் பெற்ற ஊதியத்தை ஏழைகளுக்கு ஈந்தவர். பெயர் ஜார்ஜோ லா பீரா.

சிசிலித் தீவின் தென்கோடியிலுள்ள பொத்சல்லோ என்னும் சிற்றூரில், எளிய குடும்பமொன்றில் 1904 ஜனவரி 9 அன்று பிறந்தார். 1908-இல் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தின் இடிபாடுகள் இன்னும் அகலாதிருந்த மெசினா நகரில், மாமன் வீட்டில் தங்கிப் பயின்றார். கணக்கியல் கற்றவர் பின்னர் சட்டத்துக்கு மாறினார். இளமையில் விசுவாசத்தை விட்டுச் சற்றே விலகியிருந்த அவருள்ளம், 1924-ஆம் ஆண்டு பாஸ்காத் திருநாளில் ஆண்டவர்பால் முற்றிலும் திரும்பியது. சாமிநாதரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 1926-இல் பிளாரன்ஸ் வந்தார். அந்நகரே அவருக்குப் பங்காகவும் பணிக்களமாகவும் அமைந்தது.

1934 முதல், புனித புரோக்கோலோ ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஏழைகளுக்கென ஒரு திருப்பலி நிறைவேறியது. வீடற்றோரும் வேலையற்றோரும் அங்கே கூடுவர். பேராசிரியரும் மாணவரும் அவர்களருகே அமர்வர். திருப்பலி முடிந்ததும் ரொட்டி வழங்கப்படும். இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் லா பீரா. வறுமையை அவர் புள்ளிவிவரத்தில் காணவில்லை. பெயர் சொல்லி அழைக்கத்தக்க முகங்களில் கண்டார். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முசோலினியின் ஆட்சியை அவர் ஏற்கவில்லை. 1939-இல் அவர் தொடங்கிய 'பிரின்சீப்பி' என்னும் இதழ், மனிதனின் மாண்பைப் பேசியமையால் அடுத்த ஆண்டே ஒடுக்கப்பட்டது. 1943-இல் காவற்படையினர் தேடி வரவே, நகரை விட்டு மறைந்து வாழ நேர்ந்தது. 1944-இல் பிளாரன்ஸ் விடுதலையுற்றபின் திரும்பி, நகரின் ஏழையர் உதவிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளும், தகர்க்கப்பட்ட பாலங்களும், கஞ்சிக்கு வரிசையில் நின்ற மக்களும் கொண்ட நகரம் அது.

1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறைவனின் திருப்பெயரோடு அரசியலமைப்பு தொடங்கவேண்டும் என 1947 டிசம்பரில் முன்மொழிந்தார். அதனால் சபை பிளவுறும் என்று கண்டதும், தம் கோரிக்கையைத் தாமே திரும்பப் பெற்றார். பிறரைப் பிளப்பதற்குக் கடவுளின் பெயரைக் கருவியாக்க அவர் இசையவில்லை.

1948-இல் தொழிலாளர் அமைச்சகத்தில் துணைச் செயலராகப் பணியேற்றார். அந்நாளில் இத்தாலியில் வேலையற்றோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். 1950-இல் 'ஏழை மக்களின் எதிர்பார்ப்பு' என்ற கட்டுரையை வெளியிட்டார். புனித மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தையும், கெயின்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞரின் நூலையும் அவர் அதில் பக்கம் பக்கமாக வைத்தார். பசித்தவனைக் குறித்து ஆண்டவர் தனி மனிதனை மட்டுமா வினவுவார்? வரவு செலவுத் திட்டம் தீட்டுவோரையும் வினவமாட்டாரோ? பிச்சை போதாது, அனைவருக்கும் வேலை என்பது அரசின் கடமை என்றார் அவர்.

இந்நம்பிக்கையோடுதான் 1951 ஜூன் மாதம் கிறிஸ்தவ சனநாயகக் கட்சியின் வேட்பாளராய் நின்றார். எதிரே நின்றவர் 1946 முதல் மேயராயிருந்த கம்யூனிஸ்டான மாரியோ ஃபாபியானி. கம்யூனிஸ்டுகளைப் பழித்து ஓட்டுக் கேட்பது அக்காலத்தில் எளிய வழி. ஏழைக்கு வீடும் வேலையும் தருவதில் அவர்களை விஞ்சுவதே லா பீரா தேர்ந்த வழி. இத்தாலியில் அப்போது மேயரை நகரசபை உறுப்பினரே தேர்ந்தெடுத்தனர். தோழமைக் கட்சிகளோடு பெரும்பான்மை கிட்டவே, ஜூலையில் அவர் மேயரானார்.

குடியிருக்க இடமின்றி வாடகைவாசிகள் வெளியேற்றப்பட்டபோது, ஆளின்றிப் பூட்டிக் கிடந்த மாளிகைகளைத் தமக்கு வாடகைக்கு விடுமாறு உரிமையாளரைக் கேட்டார். அவர்கள் மறுக்கவே, 1865-ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தேடியெடுத்து அவற்றை நகரசபையின் பொறுப்பில் கொணர்ந்தார். சட்டப் பேராசிரியரின் கல்வி இங்கே பயன்பட்டது! 1954-இல் இசொலோத்தோ என்னும் புதுக் குடியிருப்பின் சாவிகள் வீடற்றோர் கையில் வழங்கப்பட்டன.

1953 நவம்பரில் பின்யோனே தொழிற்சாலை மூடப்படும் நிலை எய்தியது. 1,750 தொழிலாளரின் பிழைப்பு ஊசலாடிற்று. அவர்கள் ஆலையினுள்ளேயே தங்கிப் போராடினர். மேயர் வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார். உரோமைக்கு ஓயாது கடிதமும் தந்தியும் அனுப்பினார். இறுதியில், என்ரிகோ மத்தேய் தலைமையிலிருந்த அரசு எண்ணெய் நிறுவனம் ஆலையை ஏற்றது. 1954-இல் அது மீண்டும் இயங்கியது.

எதிர்ப்பு கம்யூனிஸ்டுகளிடமிருந்து மட்டும் வரவில்லை. இத்தாலியக் கத்தோலிக்க அரசியலின் முன்னோடியான ஸ்தூர்சோ அடிகளாரே, எல்லாவற்றையும் அரசின் தலையில் சுமத்துகிறார் என்று 1954-இல் லா பீராவைக் கடிந்தெழுதினார். அடிகளாரின் அச்சம் வெறுமையானதன்று. அரசு அளவுமீறி வளர்ந்தால் குடும்பமும் தொழிற்சங்கமும் மெலிந்துவிடும். ஆனால் வேலையிழந்த தொழிலாளி மேயரின் வாசலில் நிற்கையில், மேயர் கோட்பாட்டு விவாதம் முடியும்வரை காத்திருக்க இயலாது. தம்மீது நம்பிக்கையில்லையெனில் வாக்களித்து இறக்கிவிடலாம், எளியோரைக் கவனிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லக்கூடாது என்பதே நகரசபையில் அவர் தந்த மறுமொழி.

இவருடைய நண்பர் ஜுசெப்பே தோசெத்தியும் 1956-இல், கர்தினால் லெர்காரோவின் வேண்டுகோளுக்கிணங்கிப் போலோஞா நகரசபைக்கு நின்றார். அங்கே கம்யூனிஸ்டுகளே வென்றனர். தோசெத்தி 1959-இல் குருப்பட்டம் பெற்றார்.

லா பீரா 1957 வரையிலும், மீண்டும் 1961 முதல் 1965 வரையிலும் மேயராயிருந்தார். 1977 நவம்பர் 5 அன்று இறைவனடி சேர்ந்தார். 2007-இல் அவரது உடல் புனித மாற்கு பேராலயத்துக்கு மாற்றப்பட்டது. 2018 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அவர் வாழ்ந்த துறவற மடத்தை ஒட்டியே அப்பேராலயம் நிற்கிறது.