ஆயுளுக்கும் ஓர் ஐந்தொகை

வாணிபம் செய்வோர் இரவில் கடையைச் சாத்துமுன் கல்லாவை எண்ணுகின்றனர். வரவு செலவைச் சிட்டையில் பதிந்து, பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை காண்கின்றனர். பத்து ரூபாய் குறைந்தாலும் உறக்கம் கொள்ளாதார் நம்மில் பலருண்டு. ஆனால், அன்று கழிந்துபோன 24 மணி நேரத்திற்குக் கணக்குப் பார்த்தோர் எத்தனை பேர்?

இழந்த பொருளை உழைத்து மீட்கலாம். இழந்த பொழுதை மீட்க எவராலும் இயலாது. 60 ஆண்டுகள் வாழ்வோருக்கும் கிடைப்பவை ஏறத்தாழ 21,900 நாட்களே. திருமறையின் 103-வது அத்தியாயம் காலத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்குவதன் உட்பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உடல்நலமும் ஓய்வும் மாந்தரில் பலர் ஏமாந்து இழக்கும் இரு அருட்கொடைகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் தமது பெருநூலின் 40 பகுதிகளுள் 38-வது பகுதியை இப்பொருளுக்கென்றே ஒதுக்கியுள்ளார்கள். அறிவை வணிகனாகவும், நஃப்ஸை அவனுடைய கூட்டாளியாகவும் உருவகிக்கிறார்கள். கூட்டாளியிடம் முதலை ஒப்படைக்கும் வணிகன் முன்கூட்டியே நிபந்தனை பேசுகிறான், இடையில் கண்காணிக்கிறான், முடிவில் கணக்குக் கேட்கிறான். இவையே முஷாரதா, முராகபா, முஹாஸபா என்னும் முதல் மூன்று படிகள். குறை கண்டால் தண்டித்தல், மேலும் முயலுதல், உள்ளத்தைக் கடிந்துரைத்தல் ஆகியவை அடுத்த மூன்று. இவ்வணிகத்தில் பர்ளான கடமைகளே முதல். நபிலான வணக்கங்களும் நற்செயல்களும் ஆதாயம். பாவங்கள் நட்டம் என்பது இமாம் அவர்களின் விளக்கம்.

இதனை நாம் எவ்வாறு தொடங்குவது? பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் சிறிது நேரம் அமர்ந்து, அன்று முடிக்க வேண்டிய மூன்று பணிகளை மட்டும் எழுதுக. ஒன்று அல்லாஹ்வின் உரிமை பற்றியது. விடுபட்ட களாத் தொழுகையாகவோ, கணக்கிடாத ஜகாத்தாகவோ இருக்கலாம். மற்றொன்று அடியாரின் உரிமை. திருப்பித் தராத கடன், நலம் விசாரிக்காத உறவினர் போன்றவை. மூன்றாவது தொழிலோ இல்லப் பணியோ ஆகும். நாளைச் செய்வேன் என்று கூறும்போது இறைநாட்டத்தை இணைத்தே கூறுமாறு திருமறை கற்பிக்கிறது. ஆதலின் ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற சொல்லுடன் எழுதுக.

எழுதிய ஒவ்வொன்றையும் ஒரு வக்துடன் பிணைத்துவிடுக. “பிறகு பார்க்கலாம்” என்பது பெரும்பாலும் நடவாது. “லுஹருக்கு முன்”, “அஸருக்குப் பின்” என்று வரையறுத்தால், பாங்கொலியே நினைவூட்டும். தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதிற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் பரக்கத் வேண்டி துஆச் செய்துள்ளார்கள். அதனை அறிவித்த ஸக்ர் அல்-காமிதீ (ரலி) என்னும் வணிகர், தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வம் பெருகப் பெற்றார். கடினமான பணியைக் காலையில் வைப்பதே அறிவுடைமை.

இஷாவுக்குப் பின் கணக்கு முடிக்க வேண்டும். முடிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் கூறுக. முடியாததை மறுநாள் பாக்கியாக எழுதுக. ஒரே பாக்கி மூன்று நாள் தொடருமாயின், அப்பணி பெரிது என்று பொருள். அதனைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்க. ஜமாஅத்துடன் அஸர் தொழத் தவறியதற்காக ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரண்டு லட்சம் திர்ஹம் பெறுமானமுள்ள நிலத்தைத் தர்மம் செய்ததாக இஹ்யா குறிப்பிடுகிறது. நாமோ தவறிய நாளில் ஒரு சிறு தொகையையேனும் ஏழைக்கு ஈயலாம் அல்லவா?

இக்கணக்கு நம்மை நாமே பார்க்கும் கணக்கு. பிறர் குறை காணும் கருவியன்று. சுபுஹு முதல் இஷா வரை அடுக்களையிலேயே கழிக்கும் இல்லத்தரசியிடம் “உன் குறிப்பேடு எங்கே?” என்று வினவுமுன், கணவர் தம் ஏட்டைப் புரட்டட்டும். அண்ணலார் (ஸல்) இல்லத்தில் தம் குடும்பத்தாரின் பணிகளில் உதவியாக இருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். மனைவிக்கு ஓதவும் ஓயவும் ஒரு நாழிகை கிடைக்கச் செய்வதும் கணவரின் மூன்று பணிகளுள் ஒன்றாகத் தகும்.

தொடக்கத்தில் ஆர்வ மிகுதியால் இருபது பணிகளை எழுதிப் பத்தாம் நாள் ஏட்டை மூடிவிடுவோர் பலர். அளவில் சிறிதாயினும் இடைவிடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நபிமொழி காட்டும் நெறி. மூன்று கடினமாயின் ஒன்றுடன் தொடங்குக; ஆயின் அதனை விடாதிருக்க!

நம் ஏட்டை நாம் மூடினாலும் வலப்புறத்தும் இடப்புறத்தும் அமர்ந்து பதிவு செய்யும் வானவர்களின் ஏடு மூடப்படுவதில்லை. அது நம் கையில் தரப்படும் நாளுக்கு முன்னரே நம் கணக்கை நாமே பார்த்துத் திருத்திக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.