தோட்டத்து வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைக்கிறீர்களா? அவர்களிடம் சொல்ல வேண்டியவை

சிவகாசி, எம். புதுப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தோட்டத்தில் ஒரு வீடோ இரண்டு அறையோ வைத்திருப்பவர்கள், சும்மா கிடப்பதை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்று யோசிக்கலாம். தங்க ஆள் இல்லாமல் இல்லை. ஆடிக்குப் பிறகு தீபாவளி வரை பட்டாசு வாங்க வருகிறவர்கள், அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி மலை ஏறுகிறவர்கள், ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்கள், வெம்பக்கோட்டை அகழாய்வைப் பார்க்க வருகிறவர்கள் என்று வருடம் முழுவதும் நடமாட்டம் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே பாராமதி பக்கம் விவசாயிகள் பல ஆண்டுகளாக இதை ஒரு துணை வருமானமாகச் செய்து வருகிறார்கள்.

வருமானம் நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் எங்கே கால் வைக்கக் கூடாது, எந்த ஒயரைத் தொடக் கூடாது என்பது உங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். நகரத்தில் இருந்து வருகிறவருக்கு, முக்கியமாக அவருடைய குழந்தைகளுக்கு, அது தெரியாது. நாம் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் ஒரு உயிரைக் கொண்டுபோகும். அதனால் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். கடைசியில் அறைச் சுவரில் ஒட்ட ஒரு மாதிரித் தாளும் இருக்கிறது.

வருவதற்கு முன்பே போனில் சொல்ல வேண்டியவை

வழியைத் தெளிவாகச் சொல்லுங்கள். போன் மேப் சில நேரம் வண்டிப்பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும். எந்தப் பஸ் நிறுத்தம், எந்தக் கோயில், எந்தக் கண்மாய்க் கரை என்று அடையாளம் சொல்லுங்கள். கரிசல் நிலத்தில் மழை பெய்தால் மண் டயரில் அப்பிக்கொண்டு கார் நகராது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களிடம் "மழை பெய்தால் தார் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

டார்ச் லைட், மூடிய செருப்பு அல்லது ஷூ, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், இந்த மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ராத்திரியில் பக்கத்தில் மருந்துக்கடை திறந்திருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சதுரகிரி போகிறவர்களாக இருந்தால், தாணிப்பாறையில் வனத்துறை எந்த நாளில், எத்தனை மணி வரை மலை ஏற விடுகிறார்கள் என்று அன்றைக்கு விசாரித்துச் சொல்லுங்கள். அந்த மலை 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. மழை நாளில் ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும் என்பதால் அனுமதியை நிறுத்திவிடுவதும் உண்டு.

வந்ததும் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுங்கள்

சாவியைக் கொடுத்துவிட்டு உடனே வேலைக்குப் போய்விடாதீர்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று நடங்கள். கிணறு, மோட்டார் ரூம், மருந்து வைக்கும் இடம், மாட்டுத் தொழுவம், படப்பு ஆகிய ஐந்தையும் நேரில் காட்டி, எது வரை போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்லுங்கள். பேப்பரில் படிப்பதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நிற்கும்.

கிணறும் ஆழ்துளைக் கிணறும்

நம் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. புல் வளர்ந்துவிட்டால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. அறை வாடகைக்கு விடுவதற்கு முன் சுவர் எழுப்புங்கள். முடியாவிட்டால் கம்பி வேலியாவது கட்டி, ஆட்கள் போகும் வழியில் கதவு போட்டுப் பூட்டுங்கள்.

நீச்சல் தெரிந்தவர் என்றாலும் கிணற்றில் குளிக்க விடாதீர்கள். கோடையில் தண்ணீர் இறங்கி அடியில் பாறை தூக்கி நிற்கும். மேலே இருந்து குதிப்பவருக்கு அது தெரியாது. மோட்டார் ஒயரில் கசிவு இருந்தால் தண்ணீரிலேயே கரண்ட் அடிக்கும். குளிக்க ஆசைப்பட்டால் பம்ப் செட் தொட்டியில் குளிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் மோட்டாரைப் போட்டு விடுங்கள்.

தண்ணீர் வராமல் விட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் இன்றைக்கே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழியில் விழுந்து, நாள் கணக்கில் மீட்புப் பணி நடந்தும் காப்பாற்ற முடியாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாக்கையோ கல்லையோ மேலே வைத்தால் போதாது. குழாய்க்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைக்க வேண்டும்.

கரண்ட் விஷயம்

விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பில் இருந்து அறைக்கு ஒயர் இழுக்காதீர்கள். கொடுத்த காரியத்துக்கு இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003-ன்படி முறைகேடு. அபராதம் கட்ட வேண்டி வரும், இணைப்புக்கும் ஆபத்து. அறைக்குத் தனி இணைப்பு வாங்கி, மின்கசிவு ஏற்பட்டால் தானே நின்றுவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டியை விருந்தாளிகள் தொடக் கூடாது. ஈரக் கையோடு ஒரு குழந்தை சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டார் ரூமுக்குப் பூட்டு அவசியம்.

பன்றிக்காக வேலியில் நேரடிக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். ராத்திரியில் சிறுநீர் கழிக்க வரப்புப் பக்கம் போகும் விருந்தாளிக்கு அந்த வேலி இருப்பது தெரியாது. உங்கள் தோட்டத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கலாம். இருட்டியபின் தோட்டத்துக்குள் நடக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பாம்பு, தேள்

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் விஷப்பாம்புகள். சுருட்டை வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் இருக்கும். சிறியது என்பதால் கண்ணில் படாது. கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது என்பதால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே விருந்தாளிகளுக்குக் கட்டிலும் கொசுவலையும் கொடுங்கள். காற்றுக்காகக் களத்தில் பாய் விரித்துப் படுக்க ஆசைப்பட்டாலும் கட்டில் போட்டுத்தான் படுக்க வேண்டும். அறையைச் சுற்றி விறகு, செங்கல், தேங்காய் மட்டை குவித்து வைக்காதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். கடிபட்ட கை, காலை அசைக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள்.
2. கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.
3. 108-க்குப் போன் செய்யுங்கள். தாமதமாகும் என்றால் இருக்கும் வண்டியிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம்.
4. பாம்பை அடித்துப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதற்காக நேரத்தை வீணாக்காதீர்கள்.

பச்சிலை, மந்திரம் என்று இழுத்தடிக்காதீர்கள். தமிழக அரசு 2024-ல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது.

பட்டாசு: நம் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது

தீபாவளிக்கு முன் வருகிற விருந்தாளிகளின் காரில் பட்டாசுப் பெட்டி இருக்கும். அதை அறைக்குள், சமையல் இடத்தில், படப்புப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். முடிந்தால் ஊருக்குக் கிளம்பும் நாளில் பட்டாசு வாங்கச் சொல்லுங்கள். உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்க வேண்டும். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

"வாங்கினதில் ஒன்றை வெடித்துப் பார்க்கிறோம்" என்று குழந்தைகள் கேட்பார்கள். தோட்டத்தில் வேண்டவே வேண்டாம். 2023 அக்டோபர் 17-ல் எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு விபத்தில் 13 பேர் இறந்தார்கள். கடைக்கு அருகில் பட்டாசை வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறியில் தீப்பிடித்ததாக அப்போது செய்திகள் வந்தன. காய்ந்த சோளத்தட்டைக்கும் ஒரு பொறி போதும்.

பட்டாசு ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று கேட்டால் கூட்டிப்போகாதீர்கள். வேலி ஓரத்திலும் ஓடையிலும் கிடக்கும் திரி, காகிதக் குழாய், மருந்து ஒட்டிய கழிவு எதையும் குழந்தைகள் எடுக்கக் கூடாது.

எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்கப் போகவே கூடாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் வெடிப்பைக் கேட்டு ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். முதல் சத்தத்தோடு முடியாது, அடுத்தடுத்து வெடிக்கும். சன்னலை விட்டு விலகி வீட்டுக்குள் இருக்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் தகவல் சொன்னால் போதும்.

மருந்து, மாடு, தண்ணீர்

பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். மருந்து அடித்த பாத்தியில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, அது என்ன அடையாளம் என்று விருந்தாளியிடம் சொல்லுங்கள். கத்தரிக்காயையும் தக்காளியையும் ஆசையாகப் பறித்துக் கழுவாமல் வாயில் போடுவார்கள்.

கன்று போட்ட மாட்டின் பக்கம் போக வேண்டாம் என்றும், காவல் நாயைத் தடவ வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

நம் ஊரில் தண்ணீர் அருமை. டேங்க் எத்தனை லிட்டர், எப்போது நிரப்புவீர்கள் என்று சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீர் எது, புழங்கும் உப்புத் தண்ணீர் எது என்று தனித்தனியாக எழுதி ஒட்டுங்கள். சாப்பாட்டுக்குக் கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு என்று நம் வீட்டுச் சாப்பாடே போதும். எத்தனை மணிக்குக் கிடைக்கும், என்ன விலை என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

யார் தங்குகிறார்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் பெயர், முகவரி, போன் நம்பர், வண்டி எண், வந்த நாள், போன நாள் எழுதி, அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். தோட்டத்துத் தகரச் செட்டில் அனுமதி இல்லாமல் பட்டாசு செய்து பிடிபட்ட வழக்குகள் நம் பகுதியில் உண்டு. "சாமான் வைக்க ஒரு மாதம் அறை வேண்டும்" என்று கேட்டு, மூட்டை மூட்டையாக இறக்குகிறவருக்கு எவ்வளவு வாடகை தந்தாலும் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இடத்துக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், அவர் நம் தமிழரே ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை ஆன்லைனில் பதிய வேண்டும். சாப்பாடு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அறை விடுவதற்கான பதிவு குறித்து மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும், வரி குறித்து ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்ட மாதிரித் தாள்

பெரிய எழுத்தில் எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

- இந்த இடத்தின் முகவரியும் அடையாளமும்: (108-க்குச் சொல்ல)
- வீட்டுக்காரர் போன் நம்பர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் நம்பர்:
- ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112
- பக்கத்து அரசு மருத்துவமனை, போகும் வழி:
- கிணற்றுப் பக்கம் குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள். கிணற்றில் குளிக்க வேண்டாம்.
- மோட்டார் ரூம், ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடாதீர்கள்.
- இருட்டியபின் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வெளியே வராதீர்கள். தோட்டத்துக்குள் போக வேண்டாம்.
- தரையில் படுக்காதீர்கள். ஷூவை உதறிப் போடுங்கள்.
- பட்டாசு வெடிக்கக் கூடாது. அறைக்குள் வைக்கக் கூடாது. படப்புப் பக்கம் பீடி, சிகரெட் கூடாது.
- வெடிச்சத்தம் கேட்டால் பார்க்கப் போகாதீர்கள்.
- சிவப்புத் துணி கட்டிய பாத்தியில் எதையும் பறிக்காதீர்கள்.
- இடி மின்னலின்போது மரத்தடியில் நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.
- குடிக்கும் தண்ணீர் இந்தக் குடத்தில் உள்ளது மட்டும்.

இந்தத் தாளை எழுதி முடித்ததும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்குச் சுவர், மருந்துக்குப் பூட்டு, அறைக்கு நல்ல ஒயரிங் என்று விருந்தாளிக்காகச் செய்வதெல்லாம் வருடம் முழுவதும் அந்தத் தோட்டத்தில் புழங்கும் உங்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்புதான். இந்த வேலைகளை முடித்துவிட்டு முதல் விருந்தாளிக்குச் சாவியைக் கொடுங்கள்.