18 வயதுக்குப் பின் கையொப்பம் யாருடையது?

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகன் சில வாரங்களாக வகுப்புக்குச் செல்வதில்லை. இரவில் உறங்குவதில்லை; பகலில் அறைக்கதவைத் திறப்பதில்லை. அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். சில நாள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவது நல்லது என மருத்துவர் கூறுகிறார். அப்போது பெற்றோர் பலர் குரலைத் தாழ்த்திச் சொல்வது இதுதான்: “அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள் டாக்டர். திருப்பதிக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்து வந்துவிடுகிறோம். கையெழுத்தை நாங்கள் போடுகிறோம்.”

இவ்வேண்டுகோளின் பின்னால் இருப்பவை அன்பும் அச்சமுமே, அதில் ஐயமில்லை. ஆயினும், பொய் சொல்லி அழைத்து வரப்பட்ட பிள்ளைக்கு மருத்துவமனை மீது மட்டுமன்றி, பெற்றோர் மீதும் நம்பிக்கை அற்றுப்போகிறது. உள்நோயாளியாகத் தங்குவது சில வாரங்களே. அதன்பின் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மருந்தும் ஆலோசனையும் வீட்டிலிருந்தபடியே தொடர வேண்டும். அந்த நெடுவழிக்கு வேண்டிய நம்பிக்கையை முதல் நாளிலேயே செலவழித்துவிடலாகாது.

மனநோய்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. பிள்ளை தன் வாழ்வைத் தானே ஏற்கத் தொடங்கும் பருவமும் அதுவே. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 18 வயதைத் தெளிவான எல்லையாக வகுத்துள்ளது.

18 வயது நிறையாதவரைச் சேர்க்கப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ விண்ணப்பிக்கின்றனர். அவரைப் பெரியவர்களிடமிருந்து தனியான இடத்தில் தங்க வைக்க வேண்டும்; பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் உதவியாளரோ உடனிருக்க வேண்டும். 18 நிறைந்தவர், சிகிச்சையின் தன்மையை அறிந்து, தாமே விரும்பிச் சேரலாம். அதற்கு உறவினரின் ஒப்புதல் கட்டாயமன்று. சிறாராகச் சேர்ந்தவருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே 18 வயது நிறைந்தால், அன்று முதல் அவர் தாமாகச் சேர்ந்த நோயாளியாகவே கருதப்படுவார்.

“அவன் மறுத்துவிட்டால் என்ன செய்வது?” இது நியாயமான கேள்வி. நோயின் கடுமையால் தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலோ, தம்மைப் பேணிக்கொள்ள இயலாத நிலையிலோ ஒருவர் இருந்து, முடிவெடுக்க மிகுந்த உதவி தேவைப்பட்டால், அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்கலாம். இரு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து, வேறு வழியில்லை என உறுதிசெய்த பின்னரே அவரைச் சேர்க்க இயலும். இவ்வகைச் சேர்க்கையின் உச்ச வரம்பு 30 நாள். அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை நோயாளிக்கு உண்டு. எனவே, கையொப்பம் பிள்ளையுடையது என்பதால் ஆபத்து வேளையில் பெற்றோரின் கைகள் கட்டப்பட்டுள்ளன என்று பொருளன்று.

நியமனப் பிரதிநிதி யார் என்பதையும் பிள்ளையே தீர்மானிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அவர் தாயாக இருக்கலாம்; அக்காவாகவோ நண்பராகவோ இருக்கலாம். தந்தையை விடுத்துத் தாய்மாமனின் பெயரை எழுதினால், அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. நலமாக இருக்கும் நாளிலேயே இதைப் பேசி எழுதி வைத்துக்கொள்வது நன்று.

இவ்வாறு சொல்வதால் குடும்பம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் அதே பதின்மத்தில், உறவினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பத்தைச் சிகிச்சையின் துணையாகக் கொள்வது நம் நாட்டு மனநல மருத்துவத்தின் நல்மரபு. மாறுவது துணையின் தன்மையே. சிறுபிள்ளைக்காக முடிவெடுத்தோம், வளர்ந்த பிள்ளை முடிவெடுக்க உடனிருக்கிறோம்.

அதை வீட்டில் எவ்வாறு தொடங்குவது? “உனக்குப் பைத்தியம்” என்றோ, “எல்லாம் உன் நன்மைக்குத்தான், பேசாமல் வா” என்றோ தொடங்காதீர்கள். “நீ பல நாளாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. டாக்டர் சில நாள் தங்கச் சொல்கிறார். உனக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். கைபேசி வைத்திருக்கலாமா, தேர்வு தவறிப்போகுமா, நண்பர்களுக்குத் தெரிந்துவிடுமா என்பவைதாம் இளையோரின் அச்சங்கள். அவற்றை எழுதிக்கொண்டு வந்து மருத்துவரிடம் பிள்ளையே கேட்கட்டும். முதல் நாள் மறுத்தவர், இரண்டு மூன்று உரையாடல்களுக்குப் பின் இசைவதுண்டு.

பிள்ளை மருத்துவரிடம் தனியே பேசுவது அனைத்தும் உங்களிடம் சொல்லப்படமாட்டாது. அது உங்களை விலக்குவதற்கன்று. மனம் திறந்து பேச ஓரிடம் வேண்டும் என்பதற்கே. பராமரிப்புக்குத் தேவையான செய்திகளை, அதாவது மருந்தின் அளவு, பக்கவிளைவு, நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள் ஆகியவற்றை, நியமனப் பிரதிநிதி கேட்டறியலாம்.

வீடு திரும்பும் நாளுக்கு முன்பே மருத்துவர், பிள்ளை, குடும்பத்தார் மூவரும் அமர்ந்து பேசுங்கள். மருந்தை யார் எடுத்து வைப்பது, கல்லூரிக்கு எப்போது திரும்புவது, மறுபரிசோதனை எந்நாள் என்பனவற்றைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நலமாகிவிட்டதாகத் தோன்றினும், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்தினால் தனியே விடாது, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சேர்க்கைப் படிவம் மேசையில் வைக்கப்படும்போது பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அருகில் அமருங்கள். எழுதும் கை நடுங்கலாம், காத்திருங்கள்.